உளவியல் 1879-இல்தான் பிறந்ததா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கும் ஒரு சகோதரி போன வீடியோவில் கேட்டிருந்தார்: "சார், வில்ஹெல்ம் வுண்ட் 1879-இல் உளவியலைத் தொடங்கினார் என்று கைடில் இருக்கிறது. அதற்கு முன்னால் மனதைப் பற்றி யாருமே யோசிக்கவில்லையா? அமைப்புக் கொள்கை, செயற்பாட்டுக் கொள்கை இரண்டும் வேறு குழப்புகிறது."

யோசிக்காமல் இருப்பார்களா? அரிஸ்டாட்டில் ஆன்மாவைப் பற்றித் தனி நூலே எழுதியிருக்கிறார். யோசனைக்குப் பஞ்சமில்லை, அளவுகோல்தான் இல்லை. மனதில் நடப்பதற்குக் கணக்குப் போட முடியாது, அதனால் மனதைப் பற்றிய படிப்பு முறையான இயற்கை அறிவியல் ஆகாது என்று 1786-இல் ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் எழுதினார். 1879 ஏன் முக்கியம் என்று புரிய வேண்டுமானால் இங்கிருந்து வர வேண்டும்.

கான்ட் சொன்னதற்கு மறுமொழி முதலில் வானியலிலிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த விஷயம். 1796-இல் கிரீன்விச் வானாய்வகத்தில் மாஸ்கெலின் என்ற தலைமை வானியலாளர், கின்னிபுரூக் என்ற உதவியாளரை வேலையை விட்டு அனுப்பினார். தொலைநோக்கியில் இருக்கும் கம்பியை நட்சத்திரம் கடக்கும் நேரத்தை, கடிகாரத்தின் 'டிக் டிக்'கைக் கேட்டுக்கொண்டே குறிக்க வேண்டும். மாஸ்கெலின் குறித்த நேரத்துக்கும் இவர் குறித்ததற்கும் 0.8 வினாடி வித்தியாசம் வந்தது. கவனமில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். பல வருடம் கழித்து பெசல் என்ற ஜெர்மன் வானியலாளர் தன்னையும் மற்ற வானியலாளர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அனுபவசாலிகளுக்குள்ளேயே வித்தியாசம் வந்தது. பாவம் கின்னிபுரூக், அவர் மேல் தப்பே இல்லை. ஆளுக்கு ஆள் மாறும் ஒன்றை, அதுவும் மனதில் நடக்கும் ஒன்றை, கடிகாரம் பிடித்துக் காட்டிவிட்டது.

அடுத்தது தவளை. நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்கவே முடியாது என்று முல்லர் என்ற பெரிய உடலியல் பேராசிரியர் சொல்லிவந்தார். அவருடைய மாணவர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850 வாக்கில் தவளைக் காலின் நரம்பில் அளந்தே காட்டினார். வினாடிக்குச் சுமார் 27 மீட்டர். நம் எக்ஸ்பிரஸ் ரயில் வேகம்தான், மின்னல் ஒன்றும் இல்லை. அந்த ஹெல்ம்ஹோல்ட்ஸிடம் ஹைடல்பெர்க்கில் உதவியாளராக இருந்தவர்தான் நம் வுண்ட்.

சரி, இப்போது 1879. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில், மாணவர்களுக்குச் சாப்பாடு போட்ட ஒரு கட்டடத்தில் வுண்ட்டுக்கு ஓர் அறை கிடைத்தது. மாணவர்கள் அங்கே சொந்தமாக ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கத் தொடங்கினார்கள். அதற்காகத்தான் இந்த வருடத்தைப் பிறந்தநாளாக வைத்திருக்கிறோம். வெறுமனே பாடத்துக்காகக் கருவிகள் வைத்துச் செய்து காட்டும் அறை என்றால், 1875-லேயே அமெரிக்காவின் ஹார்வர்டில் வில்லியம் ஜேம்ஸ் என்ற உளவியலாளரிடமும் இருந்தது.

வுண்ட்டின் ஆய்வகத்தில் என்ன செய்தார்கள்? ஒரு சத்தம் வரும், உடனே கையால் ஒரு விசையை அழுத்த வேண்டும். வினாடியை ஆயிரமாகப் பிரித்துக் காட்டும் ஹிப் கடிகாரம் நேரத்தைக் காட்டும். 1888-இல் லாங்கே என்ற மாணவர் ஒன்றைக் கவனித்தார். விரல் மேல் கவனம் வைத்து அழுத்தினால் சீக்கிரம் முடிகிறது. சத்தத்தின் மேல் கவனம் வைத்து, கேட்டது மனதில் பட்ட பிறகு அழுத்தினால் ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி கூடுகிறது. கவனம் எங்கே இருக்கிறது என்பதற்குக்கூட நேரக்கணக்கு உண்டு! கான்ட் இதைப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம், கொள்கைகள். இங்கே கைடுகள் ஒரு தப்பு செய்கின்றன. அமைப்புக் கொள்கை என்ற பெயரை வைத்தவர் வுண்ட் இல்லை, அவருடைய மாணவர் டிட்ச்னர். இங்கிலாந்துக்காரர், அமெரிக்காவில் கார்னெலில் பாடம் நடத்தியவர். அந்தப் பெயரோடு அவர் கட்டுரை எழுதியது 1898-இல். வேதியியலில் தனிமங்களைப் பிரிப்பதுபோல, நனவை, அதாவது விழித்திருக்கும்போது மனதில் நாம் உணர்வதை, புலனுணர்வு, மனபிம்பம், உணர்ச்சி என்று பிரிக்கலாம் என்பது அவர் கட்சி. கருவி அகநோக்கு: பயிற்சி பெற்ற ஒருவர் தனக்குள் நடப்பதைத் தானே பார்த்துச் சொல்வது. வுண்ட்டோ மொழி, புராணம், பழக்கவழக்கம் இவற்றையெல்லாம் ஆய்வகத்தில் அளக்க முடியாது என்று சொல்லி, அதற்கென்று தனியாகப் பத்துத் தொகுதி எழுதியவர். ஆனால் தேர்வில் கேட்டால் கைடில் உள்ளபடி எழுதிவிடுங்கள், மதிப்பெண் முக்கியம்.

செயற்பாட்டுக் கொள்கை கேட்பது வேறு கேள்வி. மனம் எதனால் ஆனது என்று கேட்காமல், மனம் எதற்குப் பயன்படுகிறது என்று கேட்கிறது. டார்வினுக்குப் பின்னால் வந்த கேள்வி இது. ஜேம்ஸ் 1890-இல் எழுதிய பெரிய நூலிலேயே நனவு துண்டு துண்டாக இல்லை, ஆறுபோல ஓடுகிறது என்று சொல்லிவிட்டார். சிகாகோவில் ஜான் டூயி அதே பாதையில் போனார். நீங்கள் பி.எட்-இல் படிக்கும் அதே டூயிதான்.

அமைப்புக் கொள்கை விழுந்தது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். வுண்ட்டின் இன்னொரு மாணவர் குல்பே, வூர்ஸ்பர்க்கில் இருந்தார். மனதில் எந்தப் பிம்பமும் இல்லாமலே எண்ணம் வருகிறது என்று அவருடைய ஆய்வகத்தில் சொன்னார்கள். பிம்பம் இருக்கிறது, உங்கள் ஆட்களுக்குப் பார்க்கப் பயிற்சி போதாது என்றார் டிட்ச்னர். யார் சொல்வது சரி? உள்ளே போய்ப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் கிடையாதே. 1913-இல் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் இந்தச் சண்டையையே காரணமாகக் காட்டி, நனவை விடுங்கள், வெளியே தெரியும் நடத்தையை மட்டும் பாருங்கள் என்றார். அதுதான் நடத்தைக் கொள்கை. கிட்டத்தட்ட அதே சமயம், 1912-இல், ஜெர்மனியில் வெர்தைமர் எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தார். அடுத்தடுத்து மின்னும் இரண்டு கோடுகள் ஒரே கோடு நகர்வதுபோலத் தெரிகின்றன. அந்த அசைவு எந்தத் துண்டில் இருக்கிறது என்று கேட்டார். முழுமையைத் துண்டு துண்டாக வெட்டிப் புரிந்துகொள்ள முடியாது என்னும் கெஸ்டால்ட் கொள்கை அங்கிருந்து வளர்ந்தது. அதற்குத் தனி வீடியோ போட வேண்டும், அடுத்த வாரம் பார்ப்போம்.