வாய் திறக்காத ஓடுகள்

நேயர்களுக்கு வணக்கம். அரியலூர் பக்கம் போனவர்கள் சாலையில் சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்தக் கல் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த கடலின் அடியில் படிந்தது. அந்தக் கல்லில் செய்த சிமெண்ட் வழியாக நம் வீட்டுச் சுவரில் பழைய கடல் கொஞ்சம் இருக்கிறது என்று நான் சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். போகட்டும்.

புதைபடிவம் தேடும் எங்கள் குழுவில் புவியியல் படித்தவர்கள் ஒருவரோ இருவரோதான். மற்றவர்களுக்கு வங்கி, பள்ளிக்கூடம், மளிகைக்கடை என்று வேறு வேறு பிழைப்பு. முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கி, கல்லங்குறிச்சி சுண்ணாம்புச் சுரங்கத்துக்குப் போவோம். எல்லாருக்கும் அம்மோனைட் என்ற பழைய கடலுயிரியின் சுருள் சுருளான ஓட்டின் மேல்தான் கண். எனக்கு பிராக்கியோபாடு, இரண்டு ஓடு கொண்ட ஒரு கடலுயிரி. கட்டைவிரல் நகம் அளவு, மிஞ்சினால் எலுமிச்சம்பழ அளவு. "எல்லாரும் பெரிசு தேடுறாங்க, நீங்க ஏன் சார் பொடிசைப் பொறுக்குறீங்க?" என்று காவலர் கேட்டார். நியாயமான கேள்வி.

பார்த்தால் கிளிஞ்சல்தான். ஆனால் கிளிஞ்சலுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு இல்லை. இதைச் சொன்னதும் எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் விடவில்லை. "ரெண்டு ஓடு இருக்கு, நடுவுல மூட்டு இருக்கு, அப்புறம் என்ன?" என்றார். ஒன்றை அவர் உள்ளங்கையில் வைத்தேன். மேல் ஓடும் கீழ் ஓடும் ஒரே அளவில்லை. பெரிய ஓட்டின் அலகு, அதாவது பறவை மூக்கு மாதிரியான முனை, சின்னதன்மேல் வளைந்து நிற்கிறது. அலகிலிருந்து நேராக ஒரு கோடு இழுத்தால் இடதும் வலதும் அச்சாக ஒன்று. கிளிஞ்சலில் இது தலைகீழ்: இரண்டு ஓடும் ஜோடி, தனி ஓடு கோணல். அலகு நுனியில் ஊசி நுழைகிற மாதிரி ஒரு துளை, அதில் களிமண் அடைத்திருந்தது. உயிரோடு இருந்தபோது அதன் வழியாகக் காம்பு நீட்டிப் பாறையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சரி, ஏன் எல்லாம் மூடியே கிடக்கு?" என்றார். அருமையான கேள்வி. மட்டி வேகவைத்தவர்களுக்குத் தெரியும், சட்டியில் அது தானே வாயைத் திறக்கும். மூட்டில் இருக்கிற நார் எப்போதும் திறக்கவே இழுக்கிறது. தசைதான் மூடி வைக்கிறது. செத்தால் தசை விட்டுவிடும், ஓடு திறந்து, பிரிந்து, அலையோடு போகும். பிராக்கியோபாடுக்கு அந்த நார் கிடையாது. திறப்பதற்கும் தசை வேண்டும். செத்த பிறகு திறக்க ஆளில்லை. அதனால்தான் சுரங்கத்தில் இரண்டு ஓடும் சேர்ந்தே அகப்படுகிறது. மறுபடியும் சொல்கிறேன், மூடிய ஓடு கிடைத்தால் அலகைப் பாருங்கள், துளையைத் தேடுங்கள்.

தென்னிந்தியாவின் இந்த உயிரினங்களை 1872-லேயே ஸ்டோலிச்கா என்ற ஐரோப்பியர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்காக விவரித்து எழுதிவிட்டார். அவர் லடாக்கில் இறந்த கதை தனி.

நேரம் முடிகிறது என்று சைகை வருகிறது. சுத்தம் செய்ய எலுமிச்சை, வினிகர் வேண்டவே வேண்டாம். ஓடும் பாறையும் சேர்ந்து கரையும். தண்ணீரும் பழைய பல் பிரஷ்ஷும் போதும். பொட்டலத்துக்குள் எந்த இடம், எந்த அடுக்கு என்று சீட்டு எழுதிப் போடுங்கள். இன்றும் நம் கடலோரச் சேற்றில் உயிரோடு இருக்கிற லிங்குலா என்ற பிராக்கியோபாடு பற்றிப் பேசத்தான் வந்தேன், அது இன்னொரு நாள். வணக்கம்.