பிளேனுக்கும் ரீபட்டன்தான்

(நாமக்கல்லில் டயர் ரீட்ரெடிங் பட்டறைக்காரர்களின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது. தேய்ந்த டயரைச் சீவி மேலே புது ரப்பர் ஒட்டுவதுதான் ரீட்ரெடிங். எங்கள் பேச்சில் அது ரீபட்டன், தரையில் தேய்கிற அந்த மேல் ரப்பர் பட்டன். மைக் பாதியில் நின்றதால் பின்வரிசைக்குக் கேட்காமல் போன பகுதிகளையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம்.

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, போன வருடத் தலைவராக இருந்து இந்த வருடமும் பழக்கதோஷத்தில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முன்னாள் தலைவர் அவர்களே, வேலைப்பளுவுக்கு நடுவில் வந்திருக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்களே, பாலிடெக்னிக் முதல்வர் அம்மா அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் கொடுத்த பெரியவர் அவர்களே, பந்தல்கார அண்ணா, மைக் செட் தம்பி, லாரி உரிமையாளர்களே, டிரைவர்களே, டயர் சீவுகிற பஃபிங் தூசியைத் துடைத்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கும் என் தொழில்காரர்களே. செயலாளர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். வணக்கத்துக்கே மூன்று போய்விட்டது. ஆனாலும் ஒரு பெயரை விட்டால் பந்தியில் என் இலைக்கு வடை வராது என்பது அனுபவம். ஆய்வாளர் ஐயாவுக்குத் தனியாக இன்னொரு வணக்கம், அது எதற்கென்று லாரிக்காரர்களுக்குத் தெரியும்.

"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று என் தாத்தா சொல்வார். வேலைக்கு ஆள் வராவிட்டாலும் அதைத்தான் சொல்வார், பாட்டி சாப்பாடு கட்டிக்கொடுக்க மறந்தாலும் அதைத்தான் சொல்வார். நானும் அந்த ஒன்றை வைத்தே முப்பது வருடமாக மேடை ஓட்டுகிறேன்.

இன்றைக்கு மூன்று விஷயம் பேசப்போகிறேன். ஒன்று, விமான டயருக்கு ரீபட்டன் போடும் குடும்பத் தொழில்களின் வரலாறு. இரண்டு, நம் பிள்ளைகள் ஏன் நம் பட்டறைக்கு வர மாட்டேன் என்கிறார்கள். மூன்று, வரி. மூன்றையும் முடித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் டெஸ்ஸர் டயர் அண்ட் ரப்பர் என்று ஒரு கம்பெனி. ஆரம்பித்தது 1920இல். பெயரைக் கேட்டாலே நம் ஊர் 'அண்ட் சன்ஸ்' பலகை ஞாபகம் வருகிறதா இல்லையா? விமான டயர் விற்பது, தேய்ந்து வந்தால் அதற்கு மறுபடி பட்டன் போட்டுக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. பெரிய ஜெட் விமானத்துக்காரன் நேராக டயர் கம்பெனியிடம் போய்விடுவான். இவர்களிடம் வந்தது நாலு பேர், ஆறு பேர் உட்காரும் சின்ன விமானக்காரர்கள். நம்மிடம் மினி லாரிக்காரர் வருகிற மாதிரி.

இடமும் அமைந்தது. சான்டா மோனிகாவில் டக்ளஸ், பர்பாங்கில் லாக்ஹீட் என்று அந்தச் சுற்றுவட்டாரமே விமானம் கட்டுகிற ஊர். உலகப்போர் முடிந்ததும் விமானம் ஓட்டத் தெரிந்த இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள், மிச்சப்பட்ட ராணுவ விமானங்கள் சல்லிசாக ஏலத்துக்கு வந்தன. பறக்கிறவன் பெருகினால் டயர் தேயும்.

போரைச் சொன்னதும் மலேயாவைச் சொல்லாமல் போக முடியாது. 1942இல் மலேயாவையும், இன்றைய இந்தோனேசியாவான டச்சு இந்தியத் தீவுகளையும் ஜப்பான் பிடித்ததும் அமெரிக்காவுக்கு வந்த ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு நின்றுபோனது. அங்கே ரேஷனுக்குப் போன முதல் சாமான் டயர்தான், அந்த ஜனவரியிலேயே. ஒரு காருக்கு ஐந்து டயருக்கு மேல் வைத்திருந்தால் ஒப்படைக்க வேண்டும், மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டக்கூடாது. எல்லாம் ரப்பரை மிச்சம் பிடிக்கத்தான். அதுவரை ஏழை வீட்டுச் சமாசாரமாக இருந்த ரீட்ரெடிங் ஒரே வருடத்தில் தேசபக்தி ஆகிவிட்டது! அந்த மலேயாத் தோட்டங்களில் விடியற்காலையில் பால் வெட்டிக்கொண்டிருந்தது யார்? நம் ஆட்கள். என் பாட்டியின் அண்ணன் அப்படிக் கப்பலேறிப் போனவர், திரும்பவில்லை. இன்றைக்கும் விமான டயரில் இயற்கை ரப்பர்தான் அதிகம், ஏனென்றால் எவ்வளவு நசுங்கினாலும் அதில் சூடு குறைவாகத்தான் ஏறும்.

என் தாத்தா இந்த வேலையைப் பழகியதும் அந்தப் போர்க்காலத்தில்தான், மதுரையில் ஒரு பெரிய பட்டறையில். அப்புறம் இங்கே வந்து சொந்தமாக ஒரு மோல்டு போட்டார், டயரை உள்ளே வைத்துப் பட்டனை வேகவைக்கிற அச்சு. அப்பா காலத்தில் கோல்ட் ப்ராசஸ் வந்தது, முன்கூட்டியே வார்த்த பட்டனை ஒட்டிக் குறைந்த சூட்டில் வேகவைப்பது. அந்த முறைக்கும் ஒரு கதை உண்டு. போவாக் இல்லை, நோவாக் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்தது. 1957இல் ராய் கார்வர் என்ற அமெரிக்கர் உரிமை வாங்கிக்கொண்டு போய் ஐயோவா மாநிலத்தில் மஸ்கட்டீன் என்ற ஊரில் பேண்டாக் கம்பெனியை நடத்தினார். 2007இல் அதை பிரிட்ஜ்ஸ்டோன் வாங்கிவிட்டது. டெஸ்ஸரையும் 2023இல் விஎஸ்இ என்ற கம்பெனி சுமார் 12.4 கோடி டாலருக்கு வாங்கியது. நூறு வருடப் பலகைக்கு அது நல்ல விலைதான். எனக்குத்தான் ஏனோ கேட்டதும் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

சரி, விமான டயருக்கு வருகிறேன். நம் கார் டயரில் முப்பது, முப்பத்திரண்டு பவுண்டு காற்று. பெரிய விமான டயரில் இருநூறு பவுண்டு, அதுவும் நைட்ரஜன். 1986 மார்ச் 31இல் மெக்சிகோவில் ஒரு போயிங் 727இன் பிரேக் சூடாகி, சாதாரணக் காற்று அடித்திருந்த டயர் வானத்திலேயே வெடித்து 167 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் நைட்ரஜன் கட்டாயம் ஆனது. இறங்கும்போது அசையாமல் தொங்கிக்கொண்டிருக்கிற சக்கரம் தரையைத் தொட்ட அடுத்த நொடியில் மணிக்கு 250 கிலோமீட்டர் சுற்ற வேண்டும். அந்தப் புகையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சில நூறு முறை இறங்கினால் பட்டன் காலி. ஆனால் கேசிங், அதாவது பட்டனுக்கு அடியில் இருக்கிற டயரின் உடம்பு, அப்படியே இருக்கும். அதைத் தூக்கியெறிய எந்தக் கம்பெனிக்கு மனசு வரும்? பட்டன் போட்டு, தேய்ந்ததும் திரும்பப் போட்டு, கேசிங் தாங்குகிறவரை ஓட்டுகிறார்கள்.

கேசிங்கை எப்படிப் பார்க்கிறார்கள் தெரியுமா? என் தாத்தா சின்ன சுத்தியலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். உள்ளே கையை விட்டு, கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கையால் ஒரு சுற்று தடவுவார். அங்கே டயரைப் பெரிய அண்டா மாதிரி ஒன்றுக்குள் வைத்துக் காற்றை உறிஞ்சுகிறார்கள். அடுக்குக்கு நடுவில் எங்காவது பிரிந்திருந்தால் அங்கே அடைபட்ட காற்று உப்பும். முடி அளவு உப்பினாலும் லேசர் படத்தில் வட்டமாகத் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்த டயர் கழிவுதான், பேச்சே கிடையாது.

இப்போது ஒரு கதை. இரண்டு வருடம் முன்னால் சேலத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் போனேன். சின்ன விமானம், இரண்டு பக்கமும் காற்றாடி, ஏறும் படி பின்பக்கம். எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள், நான் குனிந்து வயிற்றுக்குக் கீழே இருக்கிற சக்கரத்தைப் பார்க்கிறேன். "சார், லைன்ல போங்க" என்று ஒரு தம்பி கத்துகிறான். அதற்குள் பார்த்துவிட்டேன். டயரின் பக்கவாட்டில் ஆர் 4 என்று பளிச்சென்று இருக்கிறது. ஆர் என்றால் ரீட்ரெட், 4 என்றால் நாலாவது தடவை. சொந்தக்காரனை வெளியூர்ச் சந்தையில் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு.

பக்கத்து சீட்டில் ஈரோட்டு ஜவுளிக்காரர் ஒருவர். முதல் தடவை பறக்கிறார் போல, கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கிறார். தைரியம் சொல்லலாமே என்று, "அண்ணா, பயப்படாதீங்க, நல்ல டயருங்க, நாலாவது பட்டன்" என்றேன். அவர் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார். "சட்டை இல்லீங்கண்ணா, பிளேனு. நாலு தடவை ரீபட்டன் போட்டிருக்காங்க."

அவ்வளவுதான். "ஏனுங்க, என்ர வேனுக்கு முன்சக்கரத்துல ரீபட்டன் போட்டா ஏறமாட்டேன்னு என்ர டிரைவர் சொல்றான். இவுங்க பிளேனுக்கே போட்டிருக்காங்களா?" என்று மணியை அழுத்திவிட்டார். ஒரு பொண்ணு வந்தது. "அம்மிணி, டயரு பழசாம்." அது சிரித்துக்கொண்டே எல்லாம் செக் பண்ணியிருக்கு சார் என்றது. இவர் விடவில்லை, கேப்டனைக் கேட்டுட்டு வா என்றார். அது முன்னால் போனது. இரண்டு நிமிடம். முன்வரிசைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். திரும்பி வந்து, "கேப்டன் கேட்கிறாரு சார், இதைச் சொன்னது யாருன்னு" என்றது. நான் ஜன்னல் வழியாக ஓமலூர் மலையை ரசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

சென்னையில் இறங்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்தவர் விமானம் நின்ற பிறகும் விடவில்லை. படி இறங்கியதும் என்னைவிட முன்னால் ஓடிப்போய்க் குனிந்து அந்த டயரைப் பார்த்தார், போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். வந்து கேட்டார்: "ஏனுங்க, உங்க பட்டறையில போடற டயருக்கும் இப்படி நம்பர் போடுவீங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று தலைமுறையாக டயர் போடுகிறோம், ஒரு டயரில்கூட அது எத்தனாவது பட்டன் என்று எழுதியதில்லை.

அந்தச் சின்ன எண்ணை நம்பித்தான் விமான டயர் தொழில் நிற்கிறது. யார் போட்டது, எந்த மாதம், எத்தனாவது தடவை, என்ன வேகம் தாங்கும், எல்லாம் டயர் மேலேயே இருக்கும். ஐரோப்பாவில் லாரி டயருக்கே 'ரீட்ரெட்' என்ற முத்திரையும் தேதியும் வேண்டும். நம்மிடம் ஒரு கேசிங் வருகிறது. இரண்டாவது என்பார் ஓனர். டிரைவரைத் தனியாகக் கேட்டால் மூன்றாவது என்பார். போன வருடம் அப்படி வந்த ஒன்று தொப்பூர் கணவாயில் வெடித்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. காற்றுக் குறைவாக, ஓவர்லோடில் ஓடி உள்ளே வெந்துபோன கேசிங் அது. வெளியே என் பட்டன் இருந்ததால் கெட்ட பெயர் மட்டும் எனக்கு. "ரீபட்டன்னாலே இப்படித்தான்" என்று டீக்கடையில் பேசுகிறார்கள். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது, நம் தொழிலுக்கு அந்த எண்தான் அச்சாணி என்று நான் பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

1991இல் சவூதியின் ஜெட்டாவில் டிசி-8 விமானம் ஒன்று விழுந்து 261 பேர் இறந்தார்கள். டயரில் காற்றுக் குறைவு என்று தெரிந்தும் நிரப்பாமல் ஓடவிட்டார்கள். ஆக, விமானக்காரன் எல்லாம் தெய்வம், நாம் எல்லாம் பாவிகள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தவறு எங்கே என்று பின்னால் தேடிப் பிடிக்க அவர்களிடம் ஏடு இருக்கிறது. நம்மிடம் டீக்கடைப் பேச்சுதான் இருக்கிறது.

அதனால் தலைவர் அவர்களிடம் என் கோரிக்கை. வருகிற தை முதல் நம் சங்கத்துப் பட்டறை ஒவ்வொன்றும் டயருக்கு எண் போட வேண்டும். செலவு ஒன்றும் பெரிதில்லை. கட்டைவிரல் அகலத்துக்கு ரப்பர் பட்டை, அதில் ஆர் 1, ஆர் 2, மாதம், வருடம். டயரின் ஷோல்டரில், அதாவது பட்டன் முடிகிற ஓரத்தில், குஷன் கம் என்கிற ஒட்டு ரப்பர் வைத்து ஒட்டி, டயரோடு வேகவைக்கிற சேம்பருக்குள் அனுப்பினால் அதுவும் சேர்ந்து வெந்துவிடும். பிய்க்க முடியாது. லாரிக்காரர்கள் முறைக்கிறீர்கள், தெரிகிறது. கேசிங் விலை குறைந்துவிடும் என்று பயம். முதல் வருடம் குறையும். ஆர் 1 என்று எழுதியிருக்கிற நல்ல கேசிங்குக்கு அடுத்த வருடம் என்ன விலை என்று என்னிடம் வந்து சொல்லுங்கள். பாலிடெக்னிக் முதல்வர் அம்மா இரண்டு மாணவர்களைக் கொடுத்தால் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். ஆய்வாளர் ஐயா தகுதிச் சான்றுக்கு, அதான் எஃப்சிக்கு, வருகிற வண்டியில் அந்த எண்ணையும் ஒரு பார்வை பார்த்தால் போதும், மிச்சம் தானாக நடக்கும்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று சொல்ல வந்தேன். என் மகன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், அது எல்லோருக்கும் தெரியும், விடுங்கள். வரியை அடுத்த கூட்டத்தில் பேசலாம்.

ஒன்று மட்டும். கீழே மஞ்சப் பையில் பட்டை வார்க்கும் அச்சும் ஒரு செட் எண்களும் கொண்டுவந்திருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு வந்து பாருங்கள். ஒன்றிலிருந்து நாலு வரைதான் இருக்கும். அஞ்சும் செய்துகொடு என்று லேத் பட்டறைப் பையனைக் கேட்டேன், "அதுக்கு மேல போடறதா இருந்தா உங்க லாரியில நான் ஏறமாட்டேங்க மாமா" என்றான்.