ஆக்சிஜன் சேம்பருக்குப் போய்வந்து காது வலிக்கிறதா? எண்ணெயை எடுக்காதீர்கள்

வணக்கம் மக்களே. ஏற்காடு அடிவாரத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறேன், லாரி சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். பின் சீட்டில் அப்பா தூங்குகிறார். காலில் சர்க்கரைப் புண், மாதக்கணக்கில் ஆறவே இல்லை, அதற்காக ஹைப்பர்பேரிக் ஆக்சிஜன் சிகிச்சைக்கு தினமும் மலையிலிருந்து இறங்கிப் போய்விட்டு வருகிறோம். கண்ணாடிக் குழாய் மாதிரி ஒரு சேம்பரில் படுக்கவைத்து, 2.4 மடங்கு காற்றழுத்தத்தில் சுத்தமான ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். கடலுக்குள் 14 மீட்டர் ஆழத்தில் இருக்கிற அழுத்தம் அது.

முதலில் காதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிகம் பேருக்கு வருவது அதுதான். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது 20 கொண்டை ஊசி வளைவுகளில் காது அடைக்குமே, வெளியே அழுத்தம் கூடி செவிப்பறையை உள்ளே தள்ளுவதால் வருவது, சேம்பரிலும் அதேதான், ஆனால் பல மடங்கு அதிகம், அதுவும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள். எச்சில் விழுங்க வேண்டும், கொட்டாவி விட வேண்டும். அப்படியும் வலித்தால் உடனே கையைக் காட்ட வேண்டும், அவர்கள் அழுத்தத்தை நிறுத்துவார்கள்.

அப்பா கையைக் காட்டவில்லை. நாலாவது நாள், "சின்ன வலிதானே" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அத்தை நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி, கரண்டியோடு வந்து நின்றார். நல்லவேளை, நான் விடவில்லை. காலையில் பார்த்தால் தலையணை உறையில் ஒரு ரூபாய் அளவுக்கு ரோஸ் நிறத்தில் கறை. காது மூக்கு தொண்டை டாக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறையில் சின்ன ஓட்டை, பெரும்பாலும் தானே மூடிவிடும், தண்ணீர், எண்ணெய், பட்ஸ் எதுவும் உள்ளே போகக் கூடாது என்றார். அவர் சரி என்று சொல்லும் வரை சேம்பருக்கும் லீவு.

லேசான அடைப்பு சில மணி நேரத்தில் போய்விட்டால் பயம் இல்லை, மறுநாள் உள்ளே போகும் முன் சொன்னால் போதும். வலி நிற்கவில்லை, ரத்தமோ நீரோ வருகிறது என்றால் அடுத்த முறை சேம்பருக்குள் போகும் முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். திடீரென்று காது கேட்கவில்லை, தலை சுற்றுகிறது என்றால் அன்றைக்கே போக வேண்டும், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பார்க்கக் கூடாது. சளி, காய்ச்சல் இருந்தால் மறைக்காதீர்கள். சளி இருந்தால் காது திறக்காது, காய்ச்சல் இருந்தால் உள்ளே வலிப்பு வர வாய்ப்பு கூடும். வலிப்பு அபூர்வம்தான், இருந்தாலும் உள்ளே உதடு துடித்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ, குமட்டினாலோ அந்த நிமிடமே சொல்லுங்கள்.

அப்புறம் 108-ஐக் கூப்பிட வேண்டிய சமாச்சாரம். வெளியே வந்த பிறகு நெஞ்சு வலி, மூச்சு வாங்குவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, இதில் ஒன்று வந்தாலும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மலை ஏறாதீர்கள். நுரையீரலில் காற்று கசிந்திருந்தால், மேலே ஏற ஏற அந்தக் காற்று இன்னும் விரியும். சேலத்திலேயே அவசரப் பிரிவுக்குப் போய், ஆக்சிஜன் சேம்பரிலிருந்து வருகிறோம் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

சர்க்கரைக்காரர்களுக்கு உள்ளே சர்க்கரை இறங்கும், அதனால் முன்னும் பின்னும் குத்திப் பார்ப்பார்கள். ஒரு நாள் ஏழாவது வளைவில் அப்பாவுக்குக் குப்பென்று வியர்த்தது, கை நடுக்கம். காரில் இருந்த குளுக்கோஸ் காப்பாற்றியது. மறுநாளே டாக்டரிடம் சொல்லி இன்சுலின் அளவை மாற்றினோம்.

கண் விஷயம் ஒரு கூத்து. இருபது நாள் கழித்து அப்பா கண்ணாடி இல்லாமலே பேப்பர் படித்தார், ஒரே சந்தோஷம், ஊரெல்லாம் சொன்னார். ஆனால் தூரத்தில் வருகிற பஸ்ஸின் போர்டு தெரியவில்லை! கிட்டப்பார்வை வந்திருக்கிறது, சிகிச்சை முடிந்து சில வாரம், சில மாதத்தில் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். அதனால் இப்போதே புதுக் கண்ணாடிக்குச் செலவு செய்யாதீர்கள். பார்வை திடீரென்று மங்கினால் மட்டும் அது வேறு கதை, அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள்.

தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள், தீப்பிடிக்கும் ஆபத்து. அப்பா ஒருமுறை தேங்காய் எண்ணெயோடு போய்த் திட்டு வாங்கினார்.

சரி, எழுந்துவிட்டார். ஃப்ளாஸ்க்கில் காபி இருக்கிறதா என்று கேட்கிறார், சர்க்கரை இல்லாமல்தான்.