புரோபேட் மதிப்பை விடக் கூடுதல் விலைக்கு வீடு போனால் வரி எவ்வளவு?

[திரையில்: இங்கிலாந்தில் ஒரு வீடு, வாசலில் விற்பனைப் பலகை]

அம்மா காலமான நாளில் வீட்டின் மதிப்பு 4,20,000 பவுண்டு என்று புரோபேட்டுக்கு, அதாவது இறந்தவர் சொத்தைக் கையாள நீதிமன்றம் தரும் அனுமதிக்கு, கொடுத்திருக்கிறீர்கள். ஒரு வருஷம் கழித்து 4,62,000 பவுண்டுக்கு விலை பேசியாகிவிட்டது. மொத்தப் பணத்துக்கும் வரி வருமோ என்று வயிற்றைக் கலக்கும்.

வராது. இறந்த நாளின் சந்தை மதிப்பையே நீங்கள் வாங்கிய விலையாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அம்மா அந்தக் காலத்தில் என்ன விலைக்கு வாங்கினார் என்பது இங்கே கணக்கில் வராது. மேலே கிடைத்த 42,000-க்குத்தான் மூலதன ஆதாய வரி. அதிலும் ஏஜென்ட் கமிஷன், சொலிசிட்டர் ஃபீஸ் கழியும். அவை 9,000 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 33,000.

[திரையில்: இரண்டு கணக்குகள் பக்கத்தில் பக்கத்தில்]

இப்போது கவனியுங்கள், பணம் மிச்சமாகும் இடம் இதுதான். எக்ஸிகியூட்டர், அதாவது உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர், என்ற முறையில் விற்றால், 3,000 விலக்கு போக 30,000-க்கு 24 சதவீதம், அதாவது 7,200 பவுண்டு. அந்த விலக்கும் அம்மா இறந்த வரி ஆண்டுக்கும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கும் மட்டுமே.

அதே வீட்டை மூன்று பிள்ளைகளுக்கும் ஒதுக்கிப் பத்திரம் எழுதிவிட்டு விற்றால்? ஆளுக்கு 11,000 லாபம், ஆளுக்கொரு 3,000 விலக்கு. மூவரும் அடிப்படை வரி வரம்புக்குள் இருந்தால் விகிதம் 18 சதவீதம்தான். ஆளுக்கு 1,440, மொத்தம் 4,320. அதே வீடு, அதே விலை, 2,880 பவுண்டு குறைவு. ஆனால் விற்பனை ஒப்பந்தம் எக்ஸ்சேஞ்ச் ஆகி இரு தரப்பையும் கட்டுப்படுத்துவதற்கு முன்பே பத்திரம் முடிந்திருக்க வேண்டும். அப்புறம் எழுதினால் பயனில்லை. விலை பேசத் தொடங்கும்போதே சொலிசிட்டரிடம் இதைக் கேட்டுவிடுங்கள்.

சரி, வாரிசு வரி? விலை ஏறியதாலேயே அது அதிகமாகாது. ஆனால் இறந்து சில மாதங்களிலேயே மிக அதிக விலைக்கு விற்றால், முதலில் கொடுத்த மதிப்பு சரிதானா என்று வரித்துறை கேட்கலாம். மதிப்பை உயர்த்தினால், வாரிசு வரி கட்ட வேண்டிய சொத்தில் அந்தக் கூடுதலுக்கு 40 சதவீதம் போகும். மூலதன ஆதாயம் அந்த அளவுக்குக் குறையும் என்றாலும், 40-க்கும் 24-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் கையை விட்டுப் போகும். அதனால் ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பாமல், தகுதி பெற்ற சர்வேயரின் எழுத்து மதிப்பீட்டை முதலிலேயே வாங்கி வைப்பது நல்லது. வாரிசு வரியே கட்டாத குடும்பங்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் கொடுத்த மதிப்பை வரித்துறை அநேகமாகச் சோதித்திருக்காது. விற்ற பிறகு, ஆதாயக் கணக்கைப் பார்க்கும்போது கேள்வி வரலாம்.

[திரையில்: 60 நாள்]

வரி கட்ட வேண்டியிருந்தால், விற்பனை முடிந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் ஆன்லைனில் கணக்குக் காட்டிப் பணம் செலுத்த வேண்டும். பிள்ளைகளுக்கு ஒதுக்கி விற்கும்போது அவர்களில் ஒருவர் சென்னையிலோ டொராண்டோவிலோ குடியிருந்தால், அவர் பங்குக்கு வரியே இல்லாவிட்டாலும் அதே 60 நாளுக்குள் அவர் தனியாகத் தெரிவித்தாக வேண்டும்.