பக்கத்து மேசையில் இருப்பவர்

(காரைக்குடியில், கல்லூரி மாணவர்களுக்கு எழுத்துப் பயிற்சி தர முன்வந்த புதியவர்களின் முதல் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நண்பர்களே, வணக்கம்.

வரும் திங்கட்கிழமை முதல் உங்கள் அருகில் ஒரு மாணவர் வந்து உட்காரப் போகிறார். அவர் கையில் கல்விக் கடன் விண்ணப்பம் இருக்கலாம், ஆய்வேட்டின் முதல் இயல் இருக்கலாம். தேவகோட்டையிலிருந்தும் திருப்பத்தூரிலிருந்தும் பஸ் ஏறி வரும் இந்தப் பிள்ளைகளில் பலர், தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். மதிப்பெண் போடுவதற்காக அல்லாமல், என்ன சொல்ல வருகிறார் என்று அறிவதற்காகவே அவர் எழுத்தைப் படிக்கிற முதல் மனிதர் நீங்களாக இருக்கக்கூடும்.

கையேடு கொடுத்திருக்கிறோம், படித்துவிடுங்கள். ஆனால் இந்த வேலையைப் பக்கத்து மேசையில் இருக்கும் சக பயிற்றுநர்தான் உங்களுக்குக் கற்றுத்தரப் போகிறார்.

நன்னூலில் பவணந்தி முனிவர் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். ஆசான் உரைத்ததைச் செவ்வையாக வாங்கிக்கொண்டாலும் கிடைப்பது கால் பங்குதான். 'அவ்வினையாளரொடு பயில்வகை ஒருகால்': அதே வேலையில் இருப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால் பங்கு. பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் மீதி அரைப் பங்கு வந்து சேரும். குருவைத் தெய்வமாக வைத்த காலத்தில், ஆசானுக்கு எவ்வளவோ அவ்வளவே உடன்பயில்வோருக்கும் என்று ஒரு இலக்கண ஆசிரியர் எழுதிவைத்தார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு அது வியப்புத்தான்.

நம் செட்டிநாட்டுக்கு இந்த வழி தெரியாததல்ல. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகளில் ஒரே கூடத்துக்குள் பல கடைகளின் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகப் போன சிறுவன், உதவியாளரான அடுத்தாள் பேரேடு எழுதுவதையும், கடன் கேட்டு வந்தவரிடம் கடைப் பொறுப்பாளரான மேலாள் பேசுவதையும் கிட்ட இருந்து பார்த்தே தொழில் பழகினான்.

நீங்களும் அப்படிப் பாருங்கள். எதைப் பார்ப்பது? நம் எழுத்துப் பயிற்சி மையத்தில் பல ஆண்டுகளாக இருக்கும் ஓர் அம்மாவைச் சொல்கிறேன். ஒரு மாணவர் வங்கிக்கு எழுதிய விண்ணப்பத்தோடு வந்தார். 'பொருளாதாரச் சூழ்நிலை காரணமாகக் கல்வியைத் தொடர இயலாத நிலை ஏற்பட்டுள்ளதைத் தங்களது மேலான கவனத்திற்குக் கொண்டுவரப்படுகிறது' என்று தொடங்கியது அது. புதிதாக வந்தவர் என்றால் உடனே பேனாவை எடுத்திருப்பார். அந்த அம்மா தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "தம்பி, நான்தான் வங்கி மேலாளர். என்னிடம் என்ன கேட்க வந்தீர்கள்?" என்றார். மாணவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "அப்பாவுக்கு வேலை போய்விட்டது. இந்த ஆண்டுக் கட்டணத்தைக் கட்ட வழியில்லை. படிப்பை முடிக்கக் கடன் வேண்டும்" என்றார். "இப்போது சொன்னதை இப்படியே எழுதுங்கள்" என்றார் அம்மா. அந்தத் தயக்கம் நீடித்த நேரத்தில் அவர் வாய் திறக்கவே இல்லை. அடுத்த கேள்வியைப் போட்டு அதை நிரப்பவும் இல்லை. இதை எந்தக் கையேட்டில் எழுதி விளக்க முடியும்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் தெரியும்.

அமெரிக்கப் பேராசிரியர் ஸ்டீபன் நார்த் 1984-இல் எழுதிய ஒரு கட்டுரை, எழுத்து மையங்களில் இன்றும் பேசப்படுகிறது. மையத்தின் வேலை எழுத்தைத் திருத்துவதன்று, எழுதுகிறவரை வளர்ப்பது என்பது அவர் வாதம். அந்த அம்மா செய்வதும் அதுவே.

ஆனால் எல்லாப் பயிற்றுநரும் ஒரே மாதிரி இல்லை, இருக்கவும் வேண்டாம். அவருக்கு எதிர்ப்புறம் உட்காரும் தமிழாசிரியர் ஒருவர், கேள்வி கேட்டே எல்லாவற்றையும் வரவழைத்துவிட முடியும் என்பதை ஏற்பதில்லை. 'புத்தகத்தை படித்தான்' என்று எழுதியவரிடம், "இங்கே ஏதோ விடுபட்டிருக்கிறதே, என்னவாக இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பிள்ளையை வதைப்பது என்பார். 'ஐ' என்னும் இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்து, அடுத்த சொல் க, ச, த, ப-வில் தொடங்கினால் ஒற்று மிகும், 'புத்தகத்தைப் படித்தான்' என்றே எழுத வேண்டும் என்று நேராகச் சொல்லிவிடுவார். பிறகு அந்தப் பக்கத்தில் அதே பிழை வரும் மற்ற இடங்களை மாணவரையே தேடச் சொல்வார். அவர் சொல்வது சரி என்றே நான் கருதுகிறேன். தெரியாத விதியை ஒருவர் தமக்குள்ளிருந்து எடுத்துத் தர முடியாது. எனினும் சொல்ல வந்த கருத்தே தெளிவாகாத தாளில் ஒற்றுப் பிழையோடு தொடங்கினால் நேரம்தான் போகும். அங்கே அம்மாவின் வழிதான் முதலில்.

இந்த இருவருக்கும் இது பற்றி வாக்குவாதம் நடக்கும். தவறாமல் போய்க் கேளுங்கள். யார் வென்றார் என்பது முக்கியமில்லை. எந்த மாணவருக்கு, எந்தக் கட்டத்தில், எந்த வழி என்று இருவரும் மாறி மாறிச் சொல்லும் காரணங்கள்தான் உங்களுக்கு வேண்டியவை. ஒருவரை அப்படியே நகலெடுக்காதீர்கள். மெல்லிய குரல் உடையவருக்குப் பொருந்தும் முறை, கலகலப்பானவருக்குப் பொருந்தாது.

மூத்தவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதியவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் தேர்வு அதிகாரி வந்ததைப்போல விறைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் சொல்வதையும் கேளுங்கள். கைப்பேசியில் தமிழ் தட்டச்சு செய்யும் மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதல் இரண்டு வாரங்கள் யாரும் தனியாக மாணவரைச் சந்திக்க வேண்டாம். ஒரு மூத்தவரோடு, மாணவரின் சம்மதம் கேட்டு, உடன் உட்காருங்கள். நடுவில் பேசாதீர்கள். மாணவர் போனதும் அந்த மூத்தவரிடம், "அந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள்? இதை ஏன் திருத்தாமல் விட்டீர்கள்?" என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை அனைவரும் கூடுவோம். ஒவ்வொருவரும் அந்த வாரம் குழப்பம் தந்த ஒரு பத்தியைக் கொண்டுவாருங்கள். மாணவரின் பெயரையும் துறையையும் அதில் எழுத வேண்டாம்.