பனிக்காலமும் கேமராவும்: ஒரு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கண்காட்சியைத் திறந்துவைத்த சிறப்பு விருந்தினர் அவர்களே, காலையிலிருந்து நின்றுகொண்டே ஒவ்வொரு படத்தையும் பார்த்து மதிப்பெண் போட்ட நடுவர் பெருமக்களே, படங்களுக்குச் சட்டம் போட்டு மாட்டிய இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம். சிறப்பு விருந்தினர் காட்டிலேயே வாழ்நாளைக் கழித்தவர். அவர் உட்கார்ந்திருக்கும் மேடையில் காட்டைப் பற்றிப் பேசக் கிடைத்ததை என் பாக்கியமாக நினைக்கிறேன். வரவேற்புரையில் என்னைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தைகளுக்காகச் செயலாளர் அம்மையாருக்கும் நன்றி.

பனிக்காலத்தில் படமெடுப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். ஒளி, நிலக்காட்சி, விலங்குகள் என்று மூன்று விஷயங்களோடு வந்திருக்கிறேன். மூன்றுக்கும் பொருந்துகிற பழமொழி ஒன்று உண்டு. பதறாத காரியம் சிதறாது.

முதலில் ஒளி. குளிர்காலத்தில் சூரியன் உச்சிக்கு ஏறுவதில்லை. அதனால் நீண்ட நிழலும் சாய்ந்த வெளிச்சமும் வெகுநேரம் கிடைக்கும். ஆனால் வெண்பனியைக் கண்டதும் கேமராவின் மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளக்கும் கருவி, தடுமாறிவிடும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எண்ணிக் கணக்குப் போடுவதுதான் அதன் வழக்கம். அதனால்தான் வீட்டுக்கு வந்து பார்த்தால் பனியெல்லாம் அழுக்காகத் தெரிகிறது. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, 1 முதல் 2 ஸ்டாப் வரை கூட்டி வையுங்கள்; ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும். படத்தின் இருளையும் வெளிச்சத்தையும் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தில் போய் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பனியின் மேல் நிழல் நீலமாகத் தெரிந்தால், அதை வெளுக்க வைக்கப் பாடுபடாதீர்கள். அங்கே விழுவது வானத்தின் ஒளி. அந்த நீலம் உண்மையான நீலம்.

குளிரில் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துபோகும். மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள். திரும்பி வந்ததும் கேமராவைப் பையிலிருந்து உடனே எடுத்துவிடாதீர்கள். சூடான அறைக்குள் நுழைவதற்கு முன்பே பையை நன்றாக மூடிவிடுங்கள். இரண்டு மணி நேரமாவது அப்படியே கிடக்கட்டும். இல்லாவிட்டால் லென்ஸுக்கு உள்ளேயும் ஈரம் கோத்துக்கொள்ளும். படம் எப்படி வந்திருக்கிறதோ என்று கை பரபரக்கும்தான். பதறாத காரியம் சிதறாது.

நிலக்காட்சிக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த அரங்கில் இருக்கிற மூத்தவர் ஒருவருக்கு அது நன்றாகத் தெரியும். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மலைச்சரிவில் ஒரு பனிமுயல். உடம்பெல்லாம் வெள்ளை, காதின் நுனி மட்டும் கறுப்பு. பனியில் பள்ளம் பறித்துக் காற்றுக்கு முதுகு காட்டிச் சுருண்டு கிடந்தது. பனிக்கட்டி என்று நினைத்து நாங்கள் தாண்டிப் போயிருப்போம். மூத்தவர்தான் கையைக் காட்டி நிறுத்தினார். கூட வந்த தம்பி ஒருவர், "ஐயா, லேசாகக் கை தட்டட்டுமா? எழுந்து ஓடும், ஓடுகிற படம் கிடைக்கும்" என்றார். ஐயா பதில் சொல்லவில்லை. அந்த இடத்திலேயே குப்புறப் படுத்தார். நாங்களும் படுத்தோம். கால்விரல்கள் மரத்துப்போயின. தம்பி கடிகாரத்தைப் பார்க்கிறார், ஐயாவைப் பார்க்கிறார், முயலைப் பார்க்கிறார். முயல் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. இரண்டு பேர் எழுந்து இறங்கிப் போய்விட்டார்கள். வெயில் சாய்ந்தது. அப்புறம், யாரும் கூப்பிடாமலே, அந்த முயல் எழுந்தது. முன்னங்காலை நீட்டி, முதுகை வளைத்து, வாய் கொள்ளாத ஒரு கொட்டாவி! மேலே ஒட்டியிருந்த பனியை உதறியது. நாங்கள் படுத்திருந்த பக்கமாகவே வந்து புதரைக் கொறித்தது. தம்பியின் கேமராவில் அன்று விழுந்த படத்தைக் கை தட்டி வாங்கியிருக்க முடியுமா? ஐயா அப்போதுதான் வாயைத் திறந்தார். "பதறாத காரியம் சிதறாது, தம்பி."

கை தட்டியிருந்தால் என்ன கெட்டுவிடும் என்று சிலர் கேட்கலாம். குளிர்காலத்தில் ஒரு விலங்கிடம் இருப்பது அது சேர்த்துவைத்த கொழுப்புதான். சிக்கடி என்கிற சிறு பறவையின் எடை 10 கிராம், 12 கிராம்தான். பகலில் தின்று சேர்த்ததை எரித்து, உடல் வெப்பத்தையும் குறைத்துக்கொண்டு அது ராத்திரியைத் தாண்டுகிறது. க்ரௌஸ் என்கிற காட்டுக்கோழி பனிக்குள் வளை தோண்டிப் படுத்துக்கொள்கிறது. ஆழமான பனியில் மான் ஓடும் ஒவ்வொரு அடிக்கும் செலவு அதிகம். நாம் ஒரு தடவை விரட்டினால், அதற்கு மறுபடி இரை தேடும் வேலை கூடுகிறது. இன்னும் சிலர் ஆந்தைக்கு முன்னால் உயிருள்ள எலியை விடுகிறார்கள். இறக்கையை விரித்துக் கேமராவை நோக்கி வருகிற படம் கிடைத்துவிடுகிறது. ஆனால் மனிதனைக் கண்டால் இரை கிடைக்கும் என்று பழகிய ஆந்தை சாலையோரத்திலேயே சுற்றும். அங்கே வண்டியில் அடிபடும்.

உலகப் புகழ்பெற்ற 'வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டியில் 2009-ல் முதல் பரிசு வாங்கியது, வேலியைத் தாண்டும் ஓநாயின் படம். அது பழக்கப்பட்ட ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவு செய்து, 2010-ல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். அந்தப் படத்தின் அழகு துளியும் குறையவில்லை. அப்படியிருந்தும் திரும்பப் பெற்றார்களே, அந்தத் துணிச்சல் நமக்கும் வேண்டும்.

நேரம் முடிந்துவிட்டதாகத் தலைவர் சைகை காட்டுகிறார். நிலக்காட்சியை இன்னொரு நாள் பேசுவோம். தலைவர் அவர்களுக்கும் நடுவர்களுக்கும் என் விண்ணப்பம் இதுதான். அடுத்த ஆண்டுப் போட்டிப் படிவத்தில் மூன்று கேள்விகளைச் சேருங்கள். இரை வைத்தீர்களா? விரட்டினீர்களா? வளர்ப்பு விலங்கா? பதில் எழுதாத படத்தைச் சுவரில் மாட்ட வேண்டாம். இதற்காக ஒரு மனு எழுதி, வெளியே மேசையில் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே பேனாவும் இருக்கிறது. போகும்போது கையெழுத்திட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.