மருத்துவர் மீது புகார்: கேட்கும் இடம் எது?

நேயர்களுக்கு வணக்கம். சிகிச்சையில் தவறு நடந்துவிட்டது என்ற சந்தேகம் வந்தால் நம்மில் பலர் காவல் நிலையத்துக்கு ஓடுகிறோம், அல்லது ஆஸ்பத்திரி வாசலில் மறியலில் உட்காருகிறோம். அந்த மருத்துவர் இனியும் தொழில் செய்யலாமா என்று தீர்மானிக்கும் அதிகாரம் பெற்ற ஓர் அமைப்பு இருக்கிறது. அதுதான் தமிழ்நாடு மருத்துவ கவுன்சில். 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது.

கவுன்சில் இழப்பீடு வாங்கித் தராது. அதற்கு நுகர்வோர் ஆணையத்தைத்தான் நாட வேண்டும். கவுன்சில் பார்ப்பது மருத்துவரின் தொழில் நடத்தையை. புகார் வந்ததும் அவரிடம் விளக்கம் கேட்பார்கள். விசாரணையில் நேரிலோ வழக்கறிஞர் மூலமாகவோ பதில் சொல்ல அவருக்கு வாய்ப்பு உண்டு. தவறு உறுதியானால் எச்சரிக்கலாம். மருத்துவர்களின் பதிவேட்டிலிருந்து பெயரைச் சில காலத்துக்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். பெயர் நீங்கினால் அவர் மருத்துவம் பார்க்கக் கூடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நோயாளி இறந்துவிட்டார் என்பதாலேயே மருத்துவர் குற்றவாளி ஆகிவிட மாட்டார். கவனமாகச் சிகிச்சை செய்தவரின் கையிலும் உயிர் போவதுண்டு. எந்த நேரத்தில் என்ன மருந்து கொடுத்தார்கள், மூச்சுத் திணறல் தொடங்கியபோது யார் வந்து பார்த்தார்கள், அறுவைக்கு முன் யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள் என்பதையெல்லாம் ஆஸ்பத்திரி எழுதிவைக்கும் சிகிச்சைக் குறிப்பான கேஸ் ஷீட்தான் சொல்லும். அது இல்லாமல் கொடுக்கும் புகார், எவ்வளவு கண்ணீரோடு எழுதியிருந்தாலும், விசாரணையில் நிற்பது கடினம். உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. ஆகவே வாய்வார்த்தையாகக் கேட்காதீர்கள். எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். துக்க வீட்டில் இதைச் செய்வது எளிதல்ல, எனக்குத் தெரியும். உறவினர் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ளட்டும்.

அதே விதிகள் புகாரை 6 மாதத்துக்குள் முடிக்கச் சொல்கின்றன. தாமதமானால் அந்த விதியைச் சுட்டிக்காட்டிக் கவுன்சிலுக்கு மறுபடியும் எழுதுங்கள்.

என்னை மிகவும் வருத்துவது இதற்கடுத்த கட்டம். இதே 2002 விதிகளில், மாநில கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாளுக்குள் இந்திய மருத்துவ கவுன்சிலில் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. அந்த அமைப்பின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையத்தைக் கொண்டுவந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 30-ஆம் பிரிவோ, மருத்துவரின் மேல்முறையீட்டை மட்டுமே பேசுகிறது. மருத்துவருக்கு அந்த உரிமை கட்டாயம் வேண்டும். ஆனால் மகளைப் பறிகொடுத்து, புகாரும் தள்ளுபடியான ஒரு தாயை உயர் நீதிமன்றத்துக்குச் செலவு செய்து போ என்று சொல்வது எந்த வகையில் நியாயம்? அந்தப் பிரிவில் நோயாளியையும் அவர் குடும்பத்தையும் சேர்க்க வேண்டும். வாக்குக் கேட்டு வருகிற உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம், பிரிவு எண்ணைச் சொல்லியே இதைக் கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.